சின்ன சைஸ் நிறுத்தப்பட்டது

ஜூன் 4

மூன்றாம் லைனில் இனி குழந்தை டயப்பர் ஓடாதாம். அடுத்த வாரத்திலிருந்து பெரியவர்களுக்கானது. மேனேஜர் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: “பொறக்கிறவங்க குறைஞ்சிட்டாங்கம்மா. இருக்கிறவங்க ரொம்ப நாள் இருக்காங்க. நாம என்ன பண்றது?” பிறக்காதவர்கள், சாகாதவர்கள் இரு தரப்பின் மேலும் அவருக்குக் கோபம் போல.

பெல்ட்டின் கடைசியில் நின்று கோணல் ஒட்டுப்பட்டி, கட்டி தட்டிய பஞ்சு எல்லாம் பொறுக்கி எறிவது என் வேலை. இத்தனை வருடமும் ஊரார் பிள்ளைகளின் இடுப்பைத்தான் சரிபார்த்திருக்கிறேன். பேக்கிங் பெண் சொன்னாள்: “அக்கா, நீங்க ஒண்ணு பெத்திருந்தா லைன் நின்னிருக்காது.” எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம் கெட்டு நானும் சிரித்தேன்.

ஜூன் 9

குழந்தைக்கு இவர் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்! கல்யாணமானதிலிருந்து “அப்புறம் பாத்துக்கலாம்” என்றவர். லேடி டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: “லேட்தான். இந்த வருஷம் முயற்சி பண்ணலாம். அடுத்த வருஷம் வந்தா நானே வேண்டாம்னுடுவேன்.” அடுத்த மாதம் கருத்தரிக்க ஊசி ஆரம்பம்.

சந்தோஷமாக இருக்கிறது. எழுதவே பயமாக இருக்கிறது.

ஜூன் 10

மாமியாரிடம் சொன்னேன். “எங்க காலத்துல தடுப்பூசி ஏது? ஏழு பெத்தேன், மூணு நின்னுச்சு. நீங்க ஒண்ணுக்கே ஊசி போட்டுக்கணுமா?” என்றார். குத்தலா, வருத்தமா? அத்தையிடம் இரண்டும் ஒன்றுதான்.

ஜூன் 17

அத்தை குளியலறையில் விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் அசைவில்லை.

ஜூன் 29

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பார்த்தார். நாத்தனார் போனில் அழுதாள்: “அம்மா இன்னும் ரொம்ப நாள் இருக்கணும் அண்ணி.” இருக்கட்டும். வேண்டாம் என்றா சொன்னேன்? யார் துடைப்பது என்பதுதான் கேள்வி. ஏழு பெற்றவருக்குத் துணி மாற்ற வந்தது பெறாத ஒருத்தி.

பகலில் சரிபார்ப்பதை ராத்திரி நானே கட்டிவிடுகிறேன். ஒட்டுப்பட்டி நன்றாகத்தான் பிடிக்கிறது.

ஜூலை 2

ரேடியோவில் யாரோ அதிகாரி: மக்கள் தொகை சரிகிறது, பெண்கள் குழந்தை பெற முன்வர வேண்டும். முன்வந்துதான் நிற்கிறேன் ஐயா. அணைத்துவிட்டேன்.

ஜூலை 6

சாப்பிடும்போது இவர், தட்டைப் பார்த்துக்கொண்டே: “அம்மா இப்படிக் கிடக்கும்போது இதெல்லாம் தேவையான்னு…”

“எதெல்லாம்?”

“இல்ல, சும்மா சொன்னேன்.”

சும்மாவா? சும்மா சொல்கிற விஷயமா இது?

ஜூலை 8

பொய் சொல்லிவிட்டேன்.

இன்று டாக்டரிடம் தனியாகத்தான் போனேன். பரிசோதனை எல்லாம் சரி, திங்கட்கிழமை முதல் ஊசி என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம், “இனிமே முடியாதுன்னுட்டாங்க” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் முகத்தைப் பார்க்கத்தான்.

ஒரு மூச்சு விட்டார். சர்க்கரை வியாதி இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்றும் இப்படித்தான் விட்டார். “சரி விடு. அம்மாவுக்கு மாத்திரை குடுத்தியா?”

அவ்வளவுதான். வேற டாக்டரைப் பாக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அழுதுகிட்டே உண்மையைச் சொல்லியிருப்பேனே! பாவி மனுஷன். இவரை வைத்துக்கொண்டு பிள்ளை பெற்று, அதையும் நான் ஒருத்தியே…

ஜூலை 13

திங்கள். ஊசிக்குப் போகவில்லை. வர மாட்டேன் என்று காலையிலேயே போன் செய்து சொல்லிவிட்டேன். போனை எடுத்த ஆஸ்பத்திரிப் பெண் “வேற தேதி குடுக்கட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 15

ஆர்டர் குவிகிறதாம், மூன்றாம் லைனை ராத்திரியும் ஓட்டப் போகிறார்கள். யார் வருகிறீர்கள் என்று சூப்பர்வைசர் கேட்டார். நான்தான் முதலில் கை தூக்கினேன்.

“வீட்டுல நோயாளி இருக்காங்களேம்மா. ராத்திரி யார் மாத்திவிடுவா?”

“பெத்த புள்ள இருக்காரு சார்” என்றேன்.