மண்டபத்தில் அம்மா அடித்த கோல்

ராஜபாளையம்,
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

அன்பு மகள் வின்சிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் அதில் சேர்த்தியில்லை, அது ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீயும் உன் முழங்கால்கள் இரண்டும் சுகம்தானே. போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள், நீ மூன்று வேளையும் என்ன சாப்பிட்டாய் என்று அவள் விசாரித்து முடிப்பதற்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. அதனால் இதை எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். என் பெருவிரல் மறைத்த இடத்தை நீயாக ஊகித்துப் படித்துக்கொள்.

போன வாரம் நீ கேட்டதற்குத்தான் இந்தப் பதில். கேரளத்துக் கிளப்பில் இரண்டு வருஷம் புல்தரையில் பதினோரு பேர் கால்பந்து ஆடினாய், இப்போது ஆறு மாதமாகப் போலந்தில் கூரைக்கு அடியில் ஐந்து பேர் ஆட்டம். பழைய கிளப் திரும்பி வா என்கிறது, போலந்துக்காரர்கள் இன்னும் இரண்டு வருஷம் இரு என்கிறார்கள், எதில் கையெழுத்துப் போடட்டும், வீட்டில் கலந்து சொல்லுங்கள் என்றாய். கலந்தேன். கேரளா என்றால் ஒரு ராத்திரிப் பயணத்தில் வந்துவிடுவாய் என்று உன் அம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள், வீட்டுக்குள் ஆடுவதற்கு எதற்குப் போலந்து வரைக்கும் போக வேண்டும், நம் வீட்டில் கூடம் இல்லையா என்று கேட்டாள். ரிட்டயர்டு சப் இன்ஸ்பெக்டர் அல்லவா உன் தங்கச்சாமி மாமா, வெளி டூட்டியில் இருந்தவனை ஸ்டேஷனுக்குள் உட்கார வைத்தால் அதற்குப் பெயர் பனிஷ்மெண்ட் என்றார். சபையில் அம்மாவின் சிநேகிதி வெள்ளத்தாய் அக்கா, இன்டோர் என்றதும் நீ அங்கே கேரம் ஆடுவதாகவே நினைத்து, ஆறு மாதமாக உன் விரல்களுக்காக ஜெபம் பண்ணி வந்திருக்கிறாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், எனக்கும் நீ கேரளத்துக்கு வந்தால் தேவலை என்றுதான் இருந்தது. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவன், கண்ணால் பார்க்காத மெஷினைக் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நீ அனுப்புகிற வீடியோவில் எல்லாரும் எறும்பு மாதிரி ஓடுகிறீர்கள், உன்னைக் கண்டுபிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதனால் நாமே ஒரு தடவை ஆடிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா மேனேஜராக இருக்கிற கல்யாண மண்டபம், ஆடி மாதம் என்பதால் பூட்டித்தான் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே கூடினோம். பந்தில் கொஞ்சம் காற்றை இறக்கினால் துள்ளாது என்று நீ முன்பு சொன்ன ஞாபகத்தில் இறக்கினேன், கை தவறி நிறைய இறங்கிப் பந்து புரோட்டா மாவு மாதிரி தொப்பென்று உட்கார்ந்துவிட்டது, பிறகு சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய் அடித்து வந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டதுதான் கோல். ஐந்துக்கு ஐந்து பேர் கிடைக்கவில்லை, மூன்றுக்கு மூன்று. எங்கள் பக்கம் நான், மாமா, கோலில் வாட்ச்மேன் சங்கையா. எதிர்ப்பக்கம் மைக்செட் போடுகிற விமலும், உன் அம்மாவோடு பஸ்ஸில் வந்த வெள்ளத்தாய் அக்காவும். கோலுக்கு ஆள் இல்லை. சுண்டல் கொண்டுவந்திருந்த உன் அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சும்மா நிற்கத்தானே வேண்டும், நிற்கிறேன் என்று போய் நின்றாள்.

ஆட்டக்காரரும் நடுவரும் மாமாவேதான். பழைய போலீஸ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, பந்து தன் காலை விட்டுப் போகும்போதெல்லாம் ஊதினார். விமல் பந்தோடு வந்தால் ஓரமாகப் போ என்று டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டினார், அந்தப் பையனும் பயந்து ஓரமாகப் போய்விட்டான். நான் ஒரு தடவை ஓங்கி உதைத்தேன், பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, நான் மட்டும் மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு போய் மணமேடைப் படியில் முழங்காலை இடித்துக்கொண்டேன். பந்தியில் பாயசத்துக்கு ஓடுவதைத் தவிர அந்த மண்டபத்தில் நான் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. அந்தச் சமயம் பார்த்து மாமா கோலைப் பார்த்து அடித்தார். உன் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள், பந்து நேராகப் போய் அவள் சேலைக் கொசுவத்தில் சிக்கி நின்றது. எல்லாரும் அதைத் தூக்கி எறியச் சொல்லிக் கத்த, அவளுக்கு எரிச்சல் வந்து ஓங்கி ஒரு உதை விட்டாள். பந்தும் போனது, வலது கால் செருப்பும் கூடவே பறந்தது. சங்கையா பாய்ந்து விழுந்து செருப்பை ஜோராகப் பிடித்துவிட்டார். பந்து கோலுக்குள் போய்விட்டது. இது செல்லாது என்று மாமா விசில் ஊதினார். உன் அம்மா ஒற்றைச் செருப்போடு நடுத்தரைக்கு வந்து, செருப்பைப் பிடித்தது அவர் குற்றம், பந்து உள்ளே போனது போனதுதான் என்று வாதாடி வாங்கிவிட்டாள். உங்கள் சட்டப்படி அது செல்லுமா என்று எழுது. செல்லாது என்றால் எனக்கு மட்டும் எழுது. அதன் பிறகு அவள் நிறுத்தவே விடவில்லை, மத்தியானம் பன்னிரண்டரை வரைக்கும் ஆடினோம், சுண்டல் ஆறிப்போனது, இனி ஒவ்வொரு செவ்வாயும் மண்டபம் வேண்டும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மா சீட்டில் சாய்ந்துகொண்டாள். களைப்பு என்று நினைத்தேன். ஊர் நெருங்கும்போது, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "போன வருசம் கேரளாக் கிளப்பு ஆட்டம் ஒண்ணு விடாம பாத்தேங்க. பிள்ளை ஓரத்துல மாத்து ஆளுக போடுற மஞ்சச் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்தே கெடந்தா. இன்னைக்கு ஒண்ணுந் தெரியாத எனக்கே எம்புட்டுத் தடவை பந்து வந்துச்சு. அவ பந்து வார எடத்துலயே இருக்கட்டும்" என்றாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், பஸ் ஸ்டாண்டு வந்த பிறகும் நான்தான் எழுப்புவது போலத் தோளைத் தொட வேண்டியிருந்தது, தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இன்னும் முழு மனசு வரவில்லை வின்சி, ஒளிக்காமல் சொல்கிறேன். கொல்லம் ரயில் எத்தனை மணிக்கு, அங்கிருந்து எந்த வண்டியில் மாற வேண்டும் என்றெல்லாம் விசாரித்து ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தேன், மாதம் ஒரு ஆட்டமாவது நேரில் பார்த்துவிடலாம் என்று. ஆனால் நீ பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் ரயில் ஏறி வருவது என்று யோசித்தேன். அதற்கு இங்கேயே இருந்து, எறும்புக் கூட்டத்தில் உன்னைத் தேடிக்கொள்கிறேன். போலந்திலேயே கையெழுத்துப் போடு.

புதன்கிழமை கடைசி நாள் என்றாய், மறந்துவிடாதே, போடுவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் இரண்டு தரம் படி. குளிர்காலம் வந்தால் காதை மூடு, ஈர சாக்ஸோடு திரியாதே. ஆண்டவர் உன் கால்களுக்குப் பலமும் கண்ணுக்கு நல்ல தூக்கமும் தரட்டும், உனக்கு எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உண்டு.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா,
தேவநேசன்