கேசட்டில் இல்லாத பதினோரு நிமிடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அங்கே எங்களைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் முதல் நினைப்பு. வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய், உறையைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று உனக்குத் திக்கென்றுகூட இருந்திருக்கும், யாருக்கும் ஒன்றும் இல்லை, பயப்படாதே. புரை எடுத்த கண் நன்றாகத் தெரிகிறது, அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. மேல் தொட்டியின் மிதவை உடைந்து இரண்டு நாள் தண்ணீர் வழிந்தது, ஆள் வருவான் வருவான் என்று பார்த்து நானே ஏறி மாற்றிவிட்டேன், அதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. உன் தம்பிக்கு இடமாற்றம் ஆகிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்கிறான், போனில் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, நீயும் ஒரு வார்த்தை கேள். உங்கள் கட்டடத்து லிஃப்டில் கதவு மூடும்போது கையை விட்டு நிறுத்தாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், போன மாதம் நீ அனுப்பிய வீடியோவில் அதையேதான் செய்கிறாய். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் பெண் செய்கிற வேலையா இது.

சரி, சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நம் வீட்டில் எல்லோரும் நாய்ப் படம் என்றே சொல்லும் அந்தப் படத்தை, டிபன் கேரியரைக் கவ்விக்கொண்டு நாய் ஆபீசுக்குப் போகுமே, அதை என் பேத்திக்குப் போட்டுக் காட்டியதாகச் சொன்னாய். நீயும் தம்பியும் அதை நூறு தடவையாவது பார்த்திருப்பீர்கள். நாயைப் பார்த்து அவள் கைதட்டினாளாம், அப்புறம் நாயகன் நாயகியை அறைகிற இடம் வந்ததும் நீ உன்னையறியாமல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரித்தாயாம், பழைய ஞாபகத்தில் பாட்டுக்குக்கூட வாயைத் திறந்துவிட்டாயாம். பாட்டு வரவில்லை. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். என் பேத்தி படத்தைப் பார்க்காமல் உன் முகத்தையே பார்த்து, "அவங்க அழறாங்க, நீ ஏம்மா சிரிச்சே"ன்னு கேட்டாளாம். இதைச் சொல்லும்போது உன் குரல் ஒருமாதிரி ஆகிவிட்டது. அப்புறம் நீ, "நம்ம கேசட்ல இந்த சீனே இல்லையேப்பா"ன்னு கேட்டாய், நான் டேப் சிக்கி அறுந்திருக்கும் என்றேன். நீயும் நம்பிக்கொண்டு, "நல்லவேளைப்பா, நம்ம வீட்ல இந்த மாதிரி எதுவும் நடந்ததில்ல, அதனாலதான் அது எனக்கு வெறும் விளையாட்டா இருந்திருக்கு"ன்னு சொன்னாய். நான் சிக்னல் சரியில்லை என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் நீ போனில் அனுப்பியிருந்த லிங்கை டிவியில் போட்டு நானும் அம்மாவும் அந்தப் படத்தை முதலிலிருந்து பார்த்தோம். நம் கேசட் பூஞ்சை பிடித்துப் போனதிலிருந்து நான் பார்க்கவே இல்லை. ஐயோ, இதையா பிள்ளைகளுக்கு நல்ல படம் என்று உட்காரவைத்துக் காட்டினேன். முதல் அரைமணி நேரம் நாயகன் அந்தப் பெண்ணின் பஸ்சுக்குப் பின்னாலேயே சைக்கிளில் வருகிறான், அவள் போ போ என்கிறாள், அதற்குப் பின்னணியில் வீணை வாசிக்கிறார்கள். "இவனுக்கு வேலைவெட்டியே கிடையாதா, போலீசுக்குச் சொல்ல வேண்டியதுதானே" என்றாள் அம்மா. திக்கிப் பேசுகிற ஒரு பியூன் வருகிறான், அவன் வாயைத் திறந்தாலே எல்லோரும் சிரிக்கிறார்கள், அன்றைக்கு நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது எங்கள் பணிமனையில் என்னோடு இருந்த வெல்டர் ஞாபகத்துக்கு வந்தார், அவருக்கும் வார்த்தை சிக்கும், அந்தப் பியூனின் வசனத்தைச் சொல்லித்தான் அவரை நாங்கள் கூப்பிடுவோம், அவரும் சிரிப்பார். உண்மையில் சிரித்தாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நாய் ஒன்றுதான் அந்தப் படத்தில் ஒழுங்காக நடந்துகொள்கிறது.

அப்புறம் அறை வந்தது. அதற்கப்புறம் நம் கேசட்டில் இல்லாத அந்தப் பதினோரு நிமிடம். அந்தப் பெண் மழையில் நனைந்துகொண்டு தன் அப்பா வீட்டுக்குப் போகிறாள், அவர் ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, துண்டை எடுத்துக் கொடுத்து, உள்ளே வா என்கிறார். மூன்றாம் நாள் நாயகன் வந்து கேட்டுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்கிறான், அதற்கப்புறம்தான் பாட்டு. நம் வீட்டுக் கேசட்டில் அடி இருந்தது, கோடு கோடாக ஒரு நொடி ஆட்டம் இருந்தது, உடனே பாட்டு இருந்தது. தம்பி உன் கன்னத்தில் பொய்யாக ஒன்று வைப்பான், நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடு மாதிரியே ஜ்ர்ர்ர் என்று தலையிலிருந்து கால்வரை உதறுவாய், அடுத்த நிமிடம் இரண்டு பேரும் கைகோத்துப் பாடுவீர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் நான் அதைச் செய்துகாட்டச் சொல்வேன். டேப் அறுந்துபோகவில்லை கண்ணு. அந்தப் பதினோரு நிமிடத்தை வெட்டியவன் நான்தான்.

உனக்கு அப்போது ஆறு வயது, தம்பிக்கு நாலு. மாமா வீட்டில் அத்தைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்று பத்தொன்பது நாள் உங்களிடம் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா. அத்தைக்கு அந்த வருஷம் குழந்தையே பிறக்கவில்லை. அம்மா வேலைக்குப் போக வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டாள், நான் இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை, நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்து, டைப்பிஸ்ட் வேலைக்கான உத்தரவை ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நீங்கள் இரண்டு பேரும் மாடியில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். நான் அவளை அடித்தேன். இந்த இடத்தில் முதலில் "கை ஓங்கும்படி ஆகிவிட்டது" என்று எழுதியிருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அதுவா ஆச்சா, அடிச்சேன்னு எழுதுங்க" என்றாள். அதனால் அடித்தேன் என்று எழுதுகிறேன். அன்று சாயங்காலமே அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். உங்களையும் கூட்டிக்கொண்டு போகத்தான் இருந்தாள், நான் விடவில்லை.

சாயங்காலம் ஆனால் நீங்கள் இரண்டு பேரும் அம்மா எப்போ வருவாள் என்று ஆரம்பித்துவிடுவீர்கள். உங்களை அடக்கத் தினமும் ஏதாவது ஒரு படத்தை வாடகைக்கு எடுத்து வந்தேன், கடைக்காரர் என் நிலைமையைப் பார்த்து, இந்த நாய்ப் படத்தைக் கொண்டுபோங்கள், இன்னொரு வீடியோ டெக்கையும் தருகிறேன், காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டையும் ஒயரில் கோத்து, நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது உட்கார்ந்து எடுத்தேன். அறை வந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பெண் பையை எடுத்ததும் டெக்குக்கு எழுந்து ஓடினேன். இதைப் பார்த்தால் நீ கேட்பாய், உனக்கு அப்போதே அவ்வளவு விவரம். பட்டென்று ரெக்கார்டை நிறுத்திவிட்டேன், பாட்டு வந்ததும் மறுபடி போட்டேன். இந்த ஒரு வாரமாக என்னைக் குடைவது இதுதான் கண்ணு. அவன் அடித்ததைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கிளம்பிப் போனதைத்தான் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. அத்தோடு அவன் கேட்ட மன்னிப்பையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அந்தப் படம் பழைய படம்தான், கோளாறு பிடித்த படம்தான், ஆனால் அதுகூட என்னைவிட ஒரு படி மேலே இருந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நாள் மாமா அம்மாவைக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். நான் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, காபி போடட்டுமா என்று கேட்டேன். அவ்வளவுதான். அதற்குள் அந்த உத்தரவில் போட்டிருந்த தேதி தாண்டிப் போயிருந்தது. அப்புறம் ஜன்னலோரம் ஒரே ஒரு டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாளே, அது அவள் பொழுதுபோக்கு என்று நீ நினைத்திருப்பாய், நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நான் அவளைத் தொட்டு அடித்ததில்லை, அது சத்தியம், ஆனால் அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. மாப்பிள்ளை பார்க்கும்போது நீ, "அப்பா மாதிரி ஒருத்தர் போதும்" என்று சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள், அப்புறம் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு நான் பூரித்துப்போய் நின்றேன்.

அம்மாவும் அந்தப் பதினோரு நிமிடத்தை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள், அவளுக்கும் நம் கேசட்தானே தெரியும். அந்த அப்பா துண்டு கொடுக்கிற இடத்தை மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். இன்னொரு தடவை என்றாள். "எங்க அண்ணன் கதவைத் திறந்ததும், அவர்கிட்ட சொல்லிட்டு வந்தியான்னுதான் கேட்டார்" என்றாள். நான் டிவியை அணைத்துவிட்டு, அன்றைக்குச் செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு என்றேன். முப்பத்திரண்டு வருஷம் கழித்து. அவள் அழுவாள் என்று நினைத்தேன், அவள் துணி மடித்துக்கொண்டே, "இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு சினிமா வேண்டியிருக்கு" என்றாள். மடித்ததை அடுக்கி வைத்துவிட்டு, "அவ கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு ஆடும்போதெல்லாம் நான் சமையல்கட்டுக்குள்ள போயிடுவேன், நீங்க கவனிச்சதே இல்ல. எனக்குச் சொன்னது போதும், அவளுக்கு யார் சொல்றது" என்று கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் சிக்னல் சரியில்லை என்று மறுபடி தப்பித்துக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

என் பேத்தி கேட்டதற்கு நீ பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றாயே, அவளிடம் சொல், அம்மா சின்னவளாக இருந்தபோது அந்தப் பெண் அழுததை அம்மாவுக்கு யாரும் காட்டவில்லை, மறைத்தது தாத்தா என்று. அவள் என்மேல் கோபப்பட்டால் படட்டும், சமாதானம் செய்யப் பார்க்காதே. படத்தை நிறுத்திவிட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்கிறதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே காட்டு, நான் அதைச் செய்யவில்லை. நீ சிரித்ததற்காக உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே, அந்தச் சிரிப்பை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவளுக்கு டிவியை மூக்கு முட்டப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது, மறக்காமல் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, நம் குடும்பத்துக் கண் லேசுப்பட்டதில்லை.

இது உன் கைக்கு வந்துசேரப் பத்து நாளாவது ஆகும். அதுவரை நான் போனுக்கு வரமாட்டேன். கண்ணுக்கு மருந்து விட்டுப் படுத்திருக்கிறார் என்று சொல்லிவிடு என்று அம்மாவிடம் சொன்னேன், இனிமேல் எனக்காகப் பொய் சொல்லமாட்டாளாம், கடிதம் போட்டிருக்கிறார், வரட்டும் என்றுதான் சொல்வாளாம். படித்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அவள்தான் எடுப்பாள். அந்தப் பத்தொன்பது நாளும் அவள் என்ன நினைத்தாள், உங்களை விட்டுவிட்டு எப்படி இருந்தாள், எதற்காகத் திரும்பி வந்தாள் என்று எனக்குத் தெரியாது, ஒருநாளும் கேட்டதில்லை. உன்னிடம் சொல்கிறேன் என்கிறாள். நான் வீட்டில் இருந்தால் பாதியை விழுங்கிவிடுவாள், ஆகையால் குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விடுவேன், எத்தனை மணி நேரமானாலும் அவள் முழுசாகச் சொல்லட்டும், நீ குறுக்கே பேசாமல் கேள். அதற்கப்புறம் அப்பாவிடம் பேசலாம் என்று தோன்றினால் பேசு, தோன்றாவிட்டால் உன்னைக் குறைசொல்ல மாட்டேன். எது எப்படியானாலும் அம்மாவிடம் பேசாமல் இருந்துவிடாதே, வெட்டியது நான், அவள் இல்லை.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருக்கும்

உன் அப்பா

பின்குறிப்பு: படித்துப் பார்த்தேன், இப்போது சரியாக இருக்கிறது, உறையை ஒட்டச் சொல்லிவிட்டேன். எனக்கும் உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது கண்ணு. ஞாயிற்றுக்கிழமை பேத்தியைத் தூங்கவைத்துவிட்டுக் கூப்பிடு. — அம்மா