வலது தோளில் வைக்கட்டும்

குமாசி, ஆஸ்பத்திரி வராந்தா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அஜெனிமுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமா, ஹாம்பர்க்கில் குளிர் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறையும் கேட்டுவிட்டேன், அத்தோடு அது முடிந்தது. இங்கே நான் சுகம், உன் தங்கை செர்வா சுகம், உன் அப்பா சுகமில்லை, அதற்குப் பாதிக் காரணம் நீ. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் குரலை உயர்த்தினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடும். காகிதத்தில் சிக்னல் போகாது. நாளை விமானம் ஏறும் நம் பாஸ்டரின் மனைவியிடம் இதைக் கொடுத்து, உன் கையில்தான் தர வேண்டும், நீ படித்து முடிக்கும்வரை நகரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவளை நிற்க வைக்காதே, உட்காரச் சொல்.

பிப்ரவரியில் அப்பா சர்ச்சில் மயங்கி விழுந்தார், இதயம் விட்டு விட்டு அடிக்கிறது என்று இடது தோளெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் பெட்டி வைத்தார்கள், இதெல்லாம் உனக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சலாமத்து என் முன்னால்தான் சொன்னாள், "அந்த இடம் சிவந்தாலோ, சூடா இருந்தாலோ, வீங்கினாலோ அன்னிக்கே வாங்க. நீங்களா எதையும் தடவாதீங்க, நீங்களா எதையும் முழுங்காதீங்க" என்று. நானும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏப்ரல் மாதம் அவர் குளியலறையில் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தார். முப்பத்தாறு வருடமாக முதுகு தேய்க்க என்னைக் கூப்பிட்ட மனிதர். கேட்டதற்கு "வயசான காலத்துல என்னடி தேய்ப்பு" என்றார். சட்டையை விட்டுவிட்டு வீட்டிலும் பெரிய துணியைப் போர்த்திக்கொண்டே திரிந்தார். அவருடைய மாமா செத்ததிலிருந்து அவர்கள் குடும்பத்துக்குத் தலைவர் இல்லை, மாமாவுக்கு அடுத்தது மருமகன் இவர்தான் என்று பேச்சு, அதற்கு ஒத்திகை பார்க்கிறார் என்று செர்வாவிடம் சொல்லிச் சிரித்தேன். நினைத்தால் என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நம் ஆண்கள் துணியை இடது தோளில் போட்டு வலது தோளைத் திறந்து விடுகிறார்கள், டாக்டர் பெட்டியை வைத்ததும் இடது பக்கம், மறைக்க நினைக்கிற மனிதருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும். அந்தக் கனத்த துணி நாள் முழுக்க அந்த இடத்திலேயே கிடந்து உரசியது.

என்னிடம் மறைத்தவர் உன்னிடம் மறைக்கவில்லை. சிவந்த இடத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறார். நீ என்ன சொன்னாய் என்பதை அவர் போனை வாங்கி நானே கேட்டேன், உன் குரலிலேயே. "அது சும்மா கொப்புளம்ப்பா. மருந்துக்கடையில சிவப்பு மஞ்சள் மாத்திரை வாங்கி அஞ்சு நாள் போடுங்க, ஷியா வெண்ணெயைச் சூடாக்கித் தடவுங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க, ஊரையே கூட்டிடுவாங்க. தலைவர் பேச்சு முடியட்டும்." அஜெனிம், நீ அங்கே முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறாய், புண்ணியமான வேலை, கேட்பவர்களிடம் எல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். அதற்காக நீ டாக்டராகிவிட்டாயா? அவர் ஐந்து நாள் போட்டார், சிவப்பு குறைந்தது, நிறுத்தினார், மறுபடி சிவந்தது, மறுபடி போட்டார். இப்படி மூன்று தடவை. இரவில் அவருக்கு வியர்த்தபோது வெயில் என்று நினைத்து நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். எனக்குத் தெரிந்திருந்தால் முதல் நாளே கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன், அது தெரிந்துதானே இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டீர்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் சனிக்கிழமை மாமாவின் நாற்பதாம் நாள் முடிந்து, ஊர்த் தலைவருக்கு நன்றி சொல்லக் குடும்பம் மொத்தமும் அரண்மனைக்குப் போனோம். ஆண்கள் வரிசையாகப் போய்த் தோளில் இருந்து துணியை இறக்கி வணங்கினார்கள். உன் அப்பா முறை வந்தது, துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தலைவருக்குப் பதிலாகப் பேசும் அவருடைய பேச்சாளர் கோலைத் தரையில் தட்டி, "என்ன போவாடு, துணியை ஆணி அடிச்சு மாட்டியிருக்கியா? யார் முன்னாடி நிக்கிற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். அவர் இறக்கினார், துணி வரவில்லை, தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார். சீழும் இரத்தமும் வயிற்றுவரை வழிந்தது, தோல் கிழிந்து உள்ளே பெட்டியின் ஓரம் பளபளவென்று தெரிந்தது. கட்டிய மனைவி பார்க்கும் முன் ஊரே பார்த்தது. தலைவர் எழுந்துவிட்டார். "வணங்கினது போதும், என் காரை எடுங்க" என்றார்.

டாக்டர் சலாமத்து கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலாம். மெதுவாகச் சொன்னாள், "அம்மா, இது தோல்ல வந்த கொப்புளம் இல்ல. பெட்டியிலேயே கிருமி ஒட்டியிருக்கு. பெட்டியில இருந்து கம்பி நேரா இதயத்துக்குள்ள போகுது, கிருமிக்கு அதுதான் ரோடு. மாத்திரை அதைக் கொல்லல, வெளிய தெரியாம அடக்கி வச்சிருக்கு." என்ன கிருமி என்று பார்க்க எடுத்த இரத்தத்திலும் ஒன்றும் பிடிபடவில்லை, நீ போடச் சொன்ன மாத்திரையால்தான் என்றாள். பெட்டி, கம்பி எல்லாவற்றையும் எடுத்தால்தான் பிழைப்பார், எடுக்கும்போது அபூர்வமாக இதயம் கிழிந்துவிடுவதும் உண்டு, காய்ச்சலில் அவருக்கு நிதானம் இல்லை, நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். வேலையில் இருந்தாயாம். நான் போட்டேன், என் பெயர் எனக்கே புரியாதபடி விழுந்தது. போன வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள், கடவுள் காப்பாற்றினார். இப்போது கழுத்து வழியாக ஒரு தற்காலிகக் கம்பி போட்டுக் கட்டிலோரம் தொங்கும் பெட்டியில் அவர் இதயம் ஓடுகிறது. அது வெகுநாள் இருக்கக்கூடாது, அதுவும் கிருமி நுழைகிற வாசல்தான். வருகிற வாரம் வியாழக்கிழமை புதிதாக ஒன்று வைக்க வேண்டும்.

இப்போது கேள், இதற்காகத்தான் எழுதுகிறேன். புதியதை இடது பக்கம் வைக்க முடியாது, அந்த இடம் கெட்டுவிட்டது, வலது பக்கம்தான். உன் அப்பா வேண்டாம் என்கிறார். துணி போட்டால் வலது தோள் திறந்துதானே இருக்கும், புடைப்பு ஊருக்கே தெரியுமாம். "மெஷின்ல ஓடுற ஆளை எவன்டி குடும்பத் தலைவர்னு கூப்பிடுவான்" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பெட்டி இல்லாமல் முன்பு போல மயங்கி விழுந்தால் இந்த முறை எழ மாட்டீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். தலைவரின் பேச்சாளரே கிழங்கும் முட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, "பதவி எங்கயும் ஓடிடல, நீ முதல்ல உயிரோட எழுந்து வா" என்றார். காதில் ஏறவில்லை. நான் அழுதேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். அந்த மனிதர் உலகத்தில் ஒருவன் பேச்சைத்தான் கேட்பார், அது நீ. எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் உன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை, ஆனால் உன்னை விட்டால் எனக்கும் வேறு வழி இல்லை. மறைக்கச் சொன்ன வாய்தான் காட்டச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடியும் நேரத்துக்கு உனக்குப் போன் செய்வார், டாக்டரிடம் பேசி இடது பக்கமே வைக்கச் சொல் என்பார். நீ டாக்டரிடம் பேசாதே, அவரிடம் பேசு. நான் சொன்னது தப்புப்பா என்று சொல். அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு வேறு ஆயிரம் பேசாதே.

கடவுள் உன் கை கால்களுக்கு நல்ல பலத்தைத் தரட்டும், நீ குளிப்பாட்டுகிற அந்தக் கிழவர்களின் வாழ்த்தும் உன்னோடு இருக்கட்டும். அவர்களில் யாருக்காவது நெஞ்சில் இந்தப் பெட்டி இருந்து, தோல் சிவந்திருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் சொல். செர்வா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், நான் சொல்லவில்லை, நீயே அவளிடம் பேசிக்கொள். ஞாயிற்றுக்கிழமை முதல் மணியிலேயே போனை எடு. வியாழக்கிழமைக்கும் ஒரு காகிதம் நீட்டியிருக்கிறார்கள், அதில் கையெழுத்துப் போட வேண்டியது உன் அப்பா. இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது, பேனாவை அவர் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
போன காகிதத்தில் கையெழுத்துப் போட்ட உன் அம்மா,
அப்ரியே