கொழுக்கட்டை பிடித்தவர்

பெப்ரவரி 7, வெள்ளி. பனி கொட்டுகிறது.

இவ்வளவு பிந்தி வந்ததற்கு மன்னித்துக்கொள், நாட்குறிப்புக் கொப்பியே. ஆதிரை இப்போதுதான் உறங்கினாள். முதல் பல் வந்துவிட்டது. ஞாயிறு அவள் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் சடங்கு.

அரிசிமா வறுக்க. பயறு, தேங்காய், சர்க்கரை. மேல்மாடி அன்ரியிடம் இருக்கக் கதிரைகள் இரவல் கேட்க.

மார்ச் 3 லாப் வேலைக்குத் திரும்ப வேண்டும். டேகேர் இடம் ஏப்ரலில்தான். இடையில் ஐந்து கிழமை பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. என் மனுசன் சுதனின் வேலையிடத்தில் அப்பாமாருக்கும் லீவு உண்டு. லீவுப் படிவம் அவர் ஜக்கெட் பையில் பத்து நாளாக மடிந்து கிடக்கிறது. வரும் வெள்ளி கடைசி. கொடுக்காவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

பெப்ரவரி 8, சனி. மைனஸ் 14.

மா குழைத்தது சுதன். நான் பிடித்தால் அவியும்போது வெடிக்கும், அவர் பிடித்தால் வெடிக்காது. விளிம்பில் பல்லுப்போல நறுக்கிய தேங்காய்ச் சொட்டு.

"இவளுக்கு ஒண்டுதான் முளைச்சது. நான் முப்பத்திரண்டும் வைச்சிட்டன்."

முழங்கைவரை மா. இந்த மனுசனை எல்லாரும் பார்க்க வேண்டும் போல இருந்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு.

வீடு நிறையச் சனம். தலையில் கொழுக்கட்டை கொட்ட, பிள்ளை வீரிட்டாள்.

மார்க்கம் நகரத்திலிருந்து வந்த மச்சாள், சுதனின் அக்கா, என்னிடம்: "என்னெண்டு பிள்ளை உப்பிடி வடிவாப் பிடிச்சனி? ஒண்டும் வெடிக்கேல்லை!"

அவரைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த, அவரோடு வேலை செய்யும் குணம் அண்ணை சொன்னார்:

"எங்கட இடத்தில ஒருத்தன் பிள்ளை பாக்க லீவு எடுத்தவன். இப்ப அவனுக்குப் பேர் மம்மி."

சிரிப்பு. சுதனும் சிரித்தார். ஆதிரை நனைத்துவிட்டாள். நாள்தோறும் துணி மாற்றுகிற மனுசன், "இஞ்சேரும், பிள்ளையைப் பாரும்" என்று என்னிடம் நீட்டினார்.

மச்சாளிடம் "நான்தான் பிடிச்சனான்" என்றேன். ஏன் சொன்னேன்? அவர் மரியாதையைக் காப்பாற்றவா? மா குழைத்தால் மரியாதை போய்விடுமா?

பெப்ரவரி 10, திங்கள்.

"கோவமோ?"

"இல்லை."

"வீட்டில எல்லாம் செய்யிறன்தானே?"

"ஓம். கதவு பூட்டியிருக்கேக்க."

சுதன் பால் போத்தல்களைக் கழுவி அடுக்கிவிட்டுப் பின்னேர வேலைக்குப் போனார். போன பிறகு எனக்குக் கோபம் நிற்பதில்லை. அதுதான் கரைச்சல்.

பெப்ரவரி 11, செவ்வாய். வெயில், ஆனால் குளிர்.

தடுப்பூசிக்குப் போகும்போது பஸ்ஸில் ஒரு தமிழர். நெஞ்சில் பிள்ளை, கையில் மரக்கறிப் பை. பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே யாருடனோ போனில் கதை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் இறங்கும்வரை நான்தான் பார்த்தேன்.

பெப்ரவரி 12, புதன்.

படிவம் பையிலேயே. நான் எழும்ப அவர் உறக்கம், அவர் வர நான் உறக்கம். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன்.

ஆகவே சுதன், இந்தப் பக்கம் உங்களுக்கு. தேத்தண்ணிக் கேத்திலுக்குப் பக்கத்தில் திறந்து வைக்கிறேன். முன்பக்கங்களையும் வாசியுங்கள். மச்சாளிடம் பொய் சொன்னது நான், அதை நான் திருத்துகிறேன். குணம் அண்ணையின் பகிடிக்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு வேலைக்குப் போக ஆசை. அதைவிட, நல்ல பகலில் எல்லாரும் பார்க்க நீங்கள் இவளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க ஆசை.

லீவு கேட்பீர்களா, மாட்டீர்களா? கீழே இடம் விட்டிருக்கிறேன். வெள்ளிக்கு முன், கெதியாகப் பதில் எழுதுங்கள்.