பூங்கா கேட்டுக்கு வெளியே

சென்னீர்குப்பம்
5.1.2025

நஜீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், சுமையா காதைப் பொத்திக்கொள்கிறாள். அதனால் இனி அவள் பையில் கடிதம் வைக்கிறேன். மகளைப் பூங்காவில் மட்டும்தான் பார்க்கலாம் என்பது எங்கள் அத்தாவின் முடிவு. இன்று வந்ததுபோல் இனி ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு எங்கள் பஸ் ஸ்டாப் பக்கத்துப் பூங்காவுக்கு வாருங்கள். நான் கேட்டுக்கு வெளியே இருப்பேன். ஐஸ் வாங்கித் தராதீர்கள், இருமுகிறாள்.

ஃபஸீலா

பூந்தமல்லி
12.1.2025

அன்புள்ள ஃபஸீலா,

வ அலைக்கும் ஸலாம். நான் எப்போது 'அவர்கள்' ஆனேன்? ஆறு வருஷமாக மச்சான் மச்சான் என்று கூப்பிட்ட வாய்தானே?

சுமையா இன்று சறுக்குமரத்தில் தனியாக ஏறிவிட்டாள். பிறகு அவளை மடியில் வைத்து ஊஞ்சல் ஆடினேன். வாட்ச்மேன் மனோகரன் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்து, "இன்னா நைனா, சின்னப் பசங்க மட்டும்னு போர்டு கீதே, படிக்கலியா?" என்றார். உன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாயே, உன் தோளும் குலுங்கியது. பார்த்தேன்.

வாரம் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளோடு மல்லுக்கட்டுகிறேன். எனக்கென்று இருப்பது இந்த ஞாயிறுதான். அதை நிறுத்திவிடாதே.

நஜீர்

சென்னீர்குப்பம்
19.1.2025

நஜீர் அவர்களுக்கு,

நான் சிரிக்கவில்லை, இருமினேன்.

மச்சான் என்று கூப்பிட எனக்கு மட்டும் ஆசையில்லையா? வேலப்பன்சாவடி கல்லூரியில் ஆபீஸ் வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஸ்வீட் வாங்கிவந்தேன். உங்கள் அம்மா, தங்கச்சி முன்னால், "வேலைக்குப் போறவ இந்த ஊட்டுப் படி ஏறக்கூடாது" என்றீர்கள். அந்த டப்பாவை யாரும் பிரிக்கக்கூட இல்லை. அது இன்னும் வலிக்கிறது.

பூங்கா இருக்கும்வரை ஞாயிறு இருக்கும். பயப்படாதீர்கள்.

ஃபஸீலா

பூந்தமல்லி
2.2.2025

அன்புள்ள ஃபஸீலா,

இன்று கேட்டில் பூட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. உள்ளே வேலை நடக்கிறதாம், யாருக்குத் தெரியும்? சுமையா கம்பிக்குள் கைவிட்டு ஊஞ்சலைக் கூப்பிட்டபோது மனசு கேட்கவில்லை.

எதிர் டீக்கடை பெஞ்சில் நீ ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் அவள். உன் டீயில் சர்க்கரை கம்மி என்று கடைக்காரரிடம் நான்தான் சொன்னேன், கவனித்தாயா? உன் வேலையைப் பற்றி அன்று சொன்னது தப்பு, ஃபஸீலா. கோபத்தில் வாய்விட்டுவிட்டேன்.

பூட்டியிருப்பதை உன் அத்தாவிடம் சொல்லாதே. அடுத்த வாரமும் அழைத்து வா.

நஜீர்

சென்னீர்குப்பம்
9.2.2025

மச்சான்,

பூங்காவைப் பூட்டிப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மூன்று மாதம் திறக்காது என்று போர்டு தொங்குகிறது. நீங்கள் தினமும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற வழி அது. திக்கென்றதாம்! பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

நான் தினமும் பஸ் ஏறுவதும் அதன் வாசலில்தான். தெரிந்துதான் போன ஞாயிறு சுமையாவுக்குத் தலை பின்னி அழைத்துவந்தேன்.

வேலையை விடமாட்டேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடுத்த ஞாயிறு டீக்கடை வேண்டாம், எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அத்தாவிடம் பேசிவிட்டேன். உங்கள் அம்மாவையும் தங்கச்சியையும் அழைத்துவாருங்கள். அன்று அதைக் கேட்டவர்கள் முன்னால், "வேலைக்குப் போய்ட்டு நம்ம ஊட்டுக்கு வா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்போதே கிளம்பிவிடுவேன்.

வரும்போது ஸ்வீட் வாங்கிவாருங்கள்.

உங்கள் ஃபஸீலா