ஓலைப் பைக்குள் இருந்தவர்

லூசெனா
1994 அக்டோபர் 16, ஞாயிறு

அன்பு மகள் பெர்லிட்டாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தங்கை மிண்டாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், மிலானில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாளும் அப்படியே இருக்க வேண்டும். நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அம்மா இந்தப் புழுக்கத்திலும் போட்டுக்கொண்டு பூசைக்குப் போய் எல்லாரிடமும் காட்டிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். பட்டறைக் கூரை ஒழுகுகிறது, ஆனாலும் பழுதுபார்க்க நாலு ஜீப்னி வண்டிகள் வாசலில் நிற்கின்றன, வேலைக்குக் குறைவில்லை. இதெல்லாம் இருக்கட்டும். ஒரு விஷயம் வேறு யார் மூலமாகவும் உனக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்து படி.

போன மாதம் மிண்டாவின் கல்லூரி வகுப்பை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். நம் நாட்டுச் சரித்திரத்தை ஓவியங்களில் பார்த்து, ஆளுக்கு ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். ஸ்பானியச் சாமியார்கள், அமெரிக்க வாத்தியார்கள் எல்லாரையும் தாண்டி ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்திருந்த காலத்து அறையில் இவள் நின்றுவிட்டாள். அங்கே ஒரு பெரிய படம். தேவாலயத்துக்குள் ஊர் சனம் முழங்காலிட்டு இருக்கிறது, சுற்றிலும் சிப்பாய்கள், நடுவில் தலையிலிருந்து தோள்வரை ஓலைப் பையைக் கவிழ்த்துக்கொண்ட ஒருவன், ஜப்பான்காரனுக்கு ஆள்காட்டும் உள்ளூர்க்காரன். பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் யாரை நோக்கி விரலை நீட்டினானோ அவர் திரும்பி வரவில்லை. மிண்டா அந்தக் கையை நோட்டில் வரைந்துகொண்டிருந்தபோது, எதிர் பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் படத்தைப் பார்க்காமல் இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "அந்தச் சுண்டு விரல் உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு பொண்ணே?" என்று கேட்டாராம். அப்போதுதான் மிண்டா கவனித்தாள், படத்தில் இருப்பவனுக்கும் சுண்டு விரல் மேல் கணுவில் உள்பக்கமாக வளைந்திருந்தது. உனக்கும் அவளுக்கும் எனக்கும் இருப்பது போலவே. விளையாட்டாக, "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்" என்றிருக்கிறாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "அவரைக் கூட்டிட்டு வா. சனிக்கிழமைதோறும் நான் இங்கதான் இருப்பேன்" என்றாராம்.

மிண்டா இதைச் சோற்றுக்கு முன் உட்கார்ந்து சொன்னபோது அம்மா, "விரல் வளைஞ்சவங்க நாட்டுல ஆயிரம் பேரு, பேசாம மீனைத் தின்னு" என்று அதட்டினாள். நான் தட்டை ஒதுக்கிவைத்தேன். உங்கள் தாத்தா மலையில் ஜப்பான்காரனோடு சண்டையிட்டுச் செத்தார் என்று உங்களுக்குச் சொல்லி வளர்த்தேன், பெர்லிட்டா. அது பொய். எனக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ஓலைப் பை தொங்கும், அதில் இரண்டு ஓட்டை. ஒருநாள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். என் அப்பா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிப்பாய்கள் ஊரைவிட்டுப் போனபோது அவரும் போனார். என் அம்மா என்னை இங்கே கூட்டிவந்து தன் குடும்பப் பெயரை எனக்கு வைத்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை போனேன். அந்த அம்மாள் பெயர் ஃபெலிசா, என்னைவிட நாலு வயது மூத்தவர். படத்தில் முன்வரிசையில் இருப்பது அவருடைய அப்பாவும் இரண்டு அண்ணன்களும். கையை ஓவியருக்கு விவரம் சொல்லி வரையவைத்ததே அவர்தான். "முகத்தை யாரு பாத்தா? கையத்தான் பாத்தோம்" என்றார். நான் பாக்கெட்டுக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்தேன். அவர் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க அப்பாவைக் காட்டினான், அண்ணனுங்களைக் காட்டினான். அப்புறம் என் நெத்திக்கு நேரா நீட்டினான். நீட்டினவன் கையக் கீழ போட்டுட்டான். ஏன் தம்பி?" என்றார். எனக்கு என்ன தெரியும்? அப்பாவின் பெயரை மட்டும் சொன்னேன், தெயோடுலோ மங்குபாட் என்று. வாய்க்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

போன ஞாயிறு நல்ல மத்தியானத்தில், வெயில் காய்கையில், வாசலில் அவர் நின்றார். மிண்டாதான் விலாசம் கொடுத்திருக்கிறாள். கையில் புது ஓலைப் பை, இரண்டு ஓட்டை வெட்டியது. "தம்பி, ஒரே ஒரு தடவை இதைப் போட்டுக்கிட்டு என் முன்னால நில்லு. வேற எதுவும் கேக்கமாட்டேன்" என்றார். உன் அம்மா, "என் வீட்டுல இது நடக்காது" என்று குறுக்கே வந்தாள். நான் அவளை விலக்கிவிட்டுப் போட்டுக்கொண்டேன். உள்ளே பச்சை ஓலை வாசனை, என் மூச்சுச் சத்தம், எதிரே அந்த முகம், அவ்வளவுதான். அவர் தரையில் முழங்காலிட்டார். சின்னப் பெண்ணின் குரலில், சத்தியமாகச் சின்னப் பெண்ணின் குரலில், "என்னை ஏன் விட்டே?" என்றார். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கை ஓஞ்சு போச்சு" என்று வந்தது. நான் யோசித்துச் சொன்னதில்லை மகளே. மிண்டா சுவரோடு ஒட்டிக்கொண்டாள், அது உங்க குரலே இல்லை என்கிறாள் இன்றுவரை. ஃபெலிசா அக்கா தலையை ஆட்டினார். "நானும் அப்படித்தான் நெனச்சேன். இரக்கம்னு ஊர்ல சொன்னாங்க, நான் நம்பல" என்றார். தானே பையை என் தலையிலிருந்து எடுத்தார். அம்மா கொடுத்த இஞ்சித் தண்ணியை முழுதும் குடித்துவிட்டு, பையை மடித்துக்கொண்டு பேருந்து ஏறிப் போனார். நேற்று அருங்காட்சியகத்தில் அந்த பெஞ்ச் காலியாக இருந்தது.

மிண்டா கட்டுரையில் தாத்தாவின் பெயரை எழுதட்டுமா என்று கேட்டாள். எழுது என்றேன். புதன்கிழமை கல்லூரிச் சுவரில் ஒட்டுவார்கள். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, உன்னிடம் தொலைபேசியில் அழுதால் சமாதானம் சொல். நம் பக்கத்து ஆட்கள் மிலானிலும் இருப்பார்கள். யாராவது நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் மலைக் கதையைச் சொல்லாதே, அதை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கன்னிமாதா உன் கூடவே நடக்கட்டும். கோபம் இருந்தால் கோபமாகவே பதில் எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அப்பா,
எபிஃபானியோ