‘அப்பாவுக்கு’ என்று எழுதிய நாற்காலி

செங்கல்பட்டு
09.10.2025

அன்பு மகள் சிநேகாவுக்கு,

அம்மா ரெபேக்காள் எழுதுவது. கர்த்தர் உன்னை அந்தக் குளிர் தேசத்தில் குறைவில்லாமல் காக்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். நம் வீட்டில் எங்கே நின்று பேசினாலும் உன் அப்பா காதில் விழும். அதனால் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில், பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபிறகு, அரிசி மூட்டை மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அன்பரசி இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். கோழி கிளறினது போலத்தான் என் கையெழுத்து இருக்கும். ஆனாலும் முழுக்கப் படி. இருபதாம் தேதி கோபன்ஹேகனில் உன் கண்காட்சி திறக்கிறது என்றாய். அதற்கு முன் படித்துவிடு.

இங்கே நாலு நாளாக மழை. கொளவாய் ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஜெபா சித்தி மகனுக்கு மறைமலைநகரில் வேலை கிடைத்துவிட்டது, உன் அப்பா ஏறிப் போன அதே ரூட்டில்தான் அவனுக்கும் கம்பெனி பஸ். உன் பழைய சைக்கிளை அன்பரசியின் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குக் கால் வலி, அதனால்தான் படுத்தே இருக்கிறார் என்று உன்னிடம் சொன்னது பொய். அவருக்கு முதுகுத்தண்டின் அடியில் இருக்கிற வால் எலும்பு முறிந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்று குப்புறப் படுக்கிறார், இல்லாவிட்டால் நிற்கிறார். தட்டை ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறார். ரிடையர் ஆகி நாலு மாதம்தான் ஆகிறது.

மாமல்லபுரத்துக் கலைக்கூடத்தில் உன் நாற்காலியை உடைத்தது உன் அப்பா.

திறப்பு விழாவுக்கு நீ எங்களைக் கூப்பிடவில்லை. “எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுவாங்கம்மா, உங்களுக்கு போரடிக்கும். டிசம்பர்ல வந்து நானே கூட்டிகினு போறேன்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அவருக்கு வரவில்லை. “டிசம்பர் வரிக்கும் அது அங்க இருக்குமோ இன்னாவோ, நாமளே ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்மே” என்றார். செப்டம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை, கிளம்பினோம். முதல் நாளே தலைக்கு மை பூசிக்கொண்டார். கம்பெனியில் வழியனுப்பின அன்று போட்ட முழுக்கைச் சட்டையை பேண்டுக்குள் விட்டு பெல்ட் கட்டினார். “இன்னாய்யா, மாப்ள கணக்கா கீறே” என்று கிண்டல் செய்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் “எம் பொண்ணு சேர் செஞ்சு வெச்சுகீது, அதப் பாக்கப் போறோம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கலைக்கூடத்து வாசலில் என் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். திறந்திருந்த கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய வெள்ளைக் கூடம். நடுவில் தரையோடு தரையாக ஒரு வெள்ளைப் பலகை, அதன்மேல் கறுப்பாக உன் நாற்காலி. பக்கத்தில் ஓர் அட்டை. அதில் பெரிய எழுத்தில் தமிழில் இருந்தது ஒரே ஒரு சொல்: அப்பாவுக்கு. தொடக் கூடாது, இது காகிதக் கூழில் செய்தது என்பதெல்லாம் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருந்ததாம். பிறகுதான் சொன்னார்கள்.

அவர் அந்தச் சொல்லை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, கார் சீட்டு ஃபிரேமில் இருப்பது போலவே நீ செய்து வைத்திருந்த மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, “வெல்டிங் சுத்தமா போட்டுகீதும்மே நம்ம பொண்ணு” என்றார். கார் சீட்டு ஃபிரேமுக்கு இருபத்தேழு வருஷம் வெல்டிங் போட்ட மனுஷன். இரண்டு கையாலும் அழுத்திப் பார்க்காமல் ஒரு ஃபிரேமையும் லைனிலிருந்து விடமாட்டார் என்று கூட வேலை பார்த்த பக்தவத்சலம் அண்ணன் சொல்லி நீயே கேட்டிருக்கிறாய். மகள் செய்தது என்பதால் இதை அழுத்திப் பார்க்கவில்லை. உன் நாற்காலி அழுக்காகக் கூடாதே என்று பேண்டின் பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. நனைந்த அட்டைப்பெட்டியை மிதித்தது போல இருந்தது, அவ்வளவுதான். ஓடிப் போய்ப் பார்த்தால் பலகையின் விளிம்பில் விழுந்து கிடக்கிறார். உடைந்த கால் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேப்பரு” என்றார்.

அங்கிருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கலைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாகூட மரியாதையாகத்தான் பேசினார். பெயர், ஊர் எழுதச் சொன்னார்கள். உன் அப்பா ‘கருப்பன், மதுராந்தகம்’ என்று எழுதினார். அது உன் தாத்தா பெயர். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தபிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை, உனக்கும் சொல்லித் தரவில்லை. அது எங்கள் தப்பு. வாட்ச்மேன் நரசிம்மன் தண்ணீர் கொடுத்து, தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். “வோணாம் அண்ணாத்த, அதுவும் ஒட்ஞ்சுட்ச்சின்னா இன்னா பண்றது” என்று சிரித்தார் உன் அப்பா. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். யாரோ எழுந்து இடம் கொடுத்தும் உட்காரவில்லை. எலும்பு முறிந்திருந்தது மறுநாள்தான் தெரிந்தது.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு ஒரு மாதம் உன்னோடு பேசினேன். இதையும் எழுதியிருக்கமாட்டேன், போன ஞாயிற்றுக்கிழமை நீ அந்தப் படத்தை அனுப்பாதிருந்தால்.

கலைக்கூடத்து கேமராவில் பதிந்த படம். உடைந்த துண்டுகளை வரவழைத்திருப்பதாகவும், அவற்றை நடுவில் குவித்து, பின்னால் சுவர் முழுக்க இந்தப் படத்தை ஓடவிடப் போவதாகவும் சொன்னாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. “யாரோ ஒண்ணும் தெரியாத ஆளும்மா. உக்கார்றதுக்கு முன்னாடி பின்னாடி தட்டிக்கிறாரு பாரு, அதுதாம்மா ஹைலைட். இங்க அதப் பாத்து எல்லாரும் சிரிச்சு, அப்புறம் அமைதியாயிட்டாங்க. அந்த ஆளு வுழுந்ததுதாம்மா இப்ப ஆர்ட்டே” என்றாய். உன் அப்பா பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தார். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் “ம்” கொட்டினேன். நீ போனை வைத்தபிறகு, “வுடுமே, கொய்ந்த சந்தோசமா கீது” என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சிநேகா, உன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கேமரா மேலே இருந்து பிடித்தது, முகம் தெரியவில்லை, தலைமுடி கறுப்பு, சட்டை புதிது, எல்லாம் சரி. அந்த முதுகில் ஏறி எத்தனை வருஷம் சவாரி செய்திருக்கிறாய். நூறு தடவை பார்த்தேன் என்றாயே, ஒரு தடவைகூடவா உனக்குத் தோன்றவில்லை? உன் அப்பா நின்று நின்று மற்றவர்களை உட்கார வைத்தார் என்று பேட்டியில் சொன்னவளும் நீதானே.

எழுதிவிட்டேன். அந்த வரிகளை அடிக்கப் போவதில்லை. நீ படித்துவிட்டு அழுவாய் என்று தெரியும், அழுதுவிட்டு முகம் கழுவிக்கொள். நீ வேண்டுமென்று செய்யவில்லை. அவரும் வேண்டுமென்று உடைக்கவில்லை. அது தனக்கு என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

உன் வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் புத்தி சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன். அந்தத் துண்டுகளை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். படத்தை மட்டும் ஓடவிடாதே. அவர் விழுந்தது ஒரு தடவை. அங்கே ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் அவரை நாள் முழுக்க விழவைக்காதே, கண்ணு.

உன் கைவேலையைக் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும், உன் கால் இடறாமல் காக்கட்டும். விஷயம் தெரிந்ததாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே, நான் சத்தியத்தை மீறினது தெரிந்தால் தாங்கமாட்டார். எப்போதும் போல போன் செய், எப்போதும் போல “சாப்ட்டியா நைனா” என்று கேள். சாப்பிட்டேன் என்பார். உட்கார்ந்து சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெபேக்காள்